சும்மா இருக்கும்போதே 78 டிகிரி: ப்ராசஸர் போச்சா, பேஸ்ட் போச்சா?

கேள்வி — 2025 மே 3, மாலை

வீட்டுல இருக்கிற டெஸ்க்டாப் 2012ல அப்பா டிடிபி வேலைக்காக அசெம்பிள் பண்ணினது. ஐ5-2400, எச்61 போர்டு, 8 ஜிபி ரேம், ப்ராசஸரோட வந்த அதே ஃபேன். இப்போ நான் காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஓட்டுறேன். சும்மா இருக்கும்போதே 78 டிகிரி காட்டுது. ரெண்டு வீடியோ ஓட்டினா 97. அப்பப்போ பட்டுனு ஆஃப் ஆயிடுது. ஊர் ஆம்பூர், ஏசி கிடையாது. கடையில கேட்டா ப்ராசஸர் போச்சு, போர்டோட மாத்தணும்ங்கிறாங்க. வீடியோ போடுறவங்க எல்லாரும் பேஸ்ட் மாத்துன்னு சொல்றாங்க. யாரை நம்புறது?

பதில் — மே 3, இரவு 9.40

இப்போதைக்கு ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம். 97 டிகிரியில் வீடியோ ஓட்டிக்கொண்டிருக்கும் ப்ராசஸர் உயிரோடுதான் இருக்கிறது. போன ப்ராசஸர் திரையில் எதையும் காட்டாது. சர்வீஸுக்கு வந்த மெஷின்களில் ப்ராசஸரே செத்துப்போய் நான் பார்த்தது அபூர்வம். எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போகும், போர்டு போகும், ரேம் போகும். ப்ராசஸர்தான் கடைசி ஆள்.

உங்கள் சிப் 2011 ஜனவரியில் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. அதன் உள் வெப்பநிலைக்கு வரம்பு 98 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 3.1 கிகாஹெர்ட்ஸில் ஓடியது 1.6 வரை இறங்கும். மெஷின் இழுக்கும், ஆனால் ஓடும். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி போர்டுக்குச் சிக்னல் போகும். அதனால் இந்த "பட்டுனு ஆஃப்" மட்டும் எனக்குக் கணக்கு உதைக்கிறது. ஆஃப் ஆவதற்கு முன் மெஷின் மந்தமாகிறதா, நல்ல வேகத்தில் ஓடும்போதே போகிறதா? கவனித்து எழுதுங்கள். பயாஸில் (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்) இத்தனை டிகிரியில் அணைத்துவிடு என்று ஒரு வரி இருந்தால் அதில் என்ன எண் என்றும் பாருங்கள்.

பேஸ்ட், அதாவது ப்ராசஸருக்கும் அதன் மேல் சூட்டை வாங்க உட்காரும் உலோக ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் பசை, அதை வாங்க ஓடாதீர்கள். கேபினெட் பக்கக் கதவைக் கழற்றுங்கள். 90க்கு மேல் ஏறவிட்டு, ஷட்டவுன் கொடுத்து, ஃபேன் நின்றதும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளில் விரல் வையுங்கள். சுடுகிறதா, இல்லையா? அது தெரிந்தால் போதும்.

மே 3, 10.05

விரல் வைக்கும் முன் கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள். பெயின்ட் இல்லாத இடம். ஸ்டாடிக் இறங்கிவிடும். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

மே 4

ஏன் விரல் வைக்கச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், "சாஃப்ட்வேர்லதான் டிகிரி தெரியுதே" என்று. சாஃப்ட்வேர் சொல்வது சிப்பின் உள்சூடு ஒன்றைத்தான். அந்தச் சூடு வெளியே போக ஒரு வழி இருக்கிறது: சிலிக்கான், அதன் மேல் உலோக மூடி, மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பேஸ்ட், ஹீட்சிங்க், ஃபேன் தள்ளும் காற்று, கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று, கடைசியில் அறை. எந்த இடத்தில் அடைத்துக்கொண்டாலும் சாஃப்ட்வேரில் அதே 97தான் வரும்.

சிப் 97ல் இருக்க, ஹீட்சிங்க் வெறும் வெதுவெதுப்பு என்றால், சூடு அதற்கு வந்தே சேரவில்லை. அடுப்பிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்த தோசைக்கல் கதைதான். பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். மாறாக ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றால் பேஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. காற்றுதான் வாங்கிக்கொண்டு போகவில்லை. அப்போது எவ்வளவு விலை உயர்ந்த பேஸ்ட் பூசினாலும் பணம் தண்டம்.

இடைவெளி என்றால் எவ்வளவு மோசம்? வெப்பம் கடத்தும் திறனில் அலுமினியம் சுமார் 237, அசையாத காற்று 0.026. மலிவான வெள்ளை பேஸ்ட் 1 பக்கம்தான் வரும், ஆனாலும் காற்றைப்போல கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. முடி கனம் காற்று இடைவெளி விழுந்தாலே ஆட்டம் முடிந்தது.

விரல் வைக்கப் பயப்படுகிறவர்கள் சாஃப்ட்வேர் வரையும் டிகிரி கிராஃபைப் பாருங்கள். வேலை கொடுத்த ரெண்டு மூணு நொடியிலேயே 90ஐத் தாண்டி, வேலை நின்ற மறுகணம் பொத்தென்று விழுந்தால் ஒட்டுதல் கோளாறு. பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி, இறங்கும்போதும் மெல்ல இறங்கினால் காற்றோட்டக் கோளாறு. அலுமினியம் முழுக்கச் சூடேற நேரம் எடுக்கிறது, ஆறவும் நேரம் எடுக்கிறது. இந்த ஒரு சோதனைக்குக் கையும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். எனக்கு விரல்தான் பழக்கம்.

மே 5, காலை

கேட்டவர் பதில்: "அண்ணா, கை வச்சேன். ஒரு மூலை லேசா வெதுவெதுப்பு, மத்தபடி ஜில்லுனு இருக்கு. ப்ராசஸர் 94."

அப்புறம் என்ன, தம்பி. ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டிருக்கிறது.

ப்ராசஸரோடு வரும் அந்த வட்டமான ஹீட்சிங்குக்கு நான்கு கால், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பின். வெள்ளைக் கால் போர்டின் துளைக்குள் போகும். அதன் நடுவில் கறுப்பு ஊசி இறங்கி, வெள்ளைக் காலைப் பிளந்து பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ கிடையாது, பின்னால் தகடு கிடையாது. 2004ல் இன்டெலின் எல்ஜிஏ 775 சாக்கெட் வந்த காலத்திலிருந்து இதே ஏற்பாடுதான். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் மாட்டுவதற்கு வசதி. பத்துப் பன்னிரண்டு வருடம் சூட்டிலும் குளிர்ச்சியிலும் மாறி மாறிக் கிடந்த பிளாஸ்டிக் எப்படி இருக்கும்? பிடிப்பு விட்டுவிடும். நான்கில் ஒன்று விட்டால்கூட அந்த மூலை எழும்பிக்கொள்ளும், மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

அதுவும் நம் கேபினெட் நிற்கும் நிலையில் ஹீட்சிங்க் போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. ப்ரௌசிங் சென்டர்களுக்கு நான் சர்வீஸ் போன காலத்தில், கடை இடம் மாறினால் மறுவாரமே போன் வரும். ஆட்டோவில் ஏற்றி இறக்கியதில் ரெண்டு மெஷினிலாவது கால் விட்டிருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்" என்பார்கள். ஓடியிருக்கும்தான்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு காலையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற கால்தான் ஆள்.

மே 5, இரவு

"ரேம் பக்கத்து கால் ஆடுது. அமுக்கினா 'டிக்'னு உள்ள போகுது, கையெடுத்தா வெளிய வருது. அமுக்கிப் பிடிச்சப்போ 94ல இருந்து 61க்கு இறங்கிடுச்சு!"

இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைக்காது. ஆனால் ஓடும் மெஷினில் போர்டை அமுக்கிக்கொண்டு உட்காராதீர்கள். போர்டு வளைந்தால் சாக்கெட்டின் முள் போகும். அதற்கு மருந்து கிடையாது.

நாலு பின்னும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகவே கிடைக்கிறது, சென்னையில் ரிச்சி தெருவில் சில்லறை விலைதான். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண், மற்ற மூன்றுக்கும் அதே வயது. ஹீட்சிங்கைக் கழற்றுவதால் பேஸ்டும் புதிதாகத்தான் பூச வேண்டும். ஆக யூட்யூப்காரர்களும் பாதி ஜெயித்தார்கள்.

போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்துச் செய்யுங்கள். சோம்பேறித்தனம் பார்க்காதீர்கள், உள்ளே வைத்துக்கொண்டு மாட்டினால் பின்பக்கம் தெரியாது. பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட், விரலால் தடவிப் பரப்ப வேண்டாம், அழுத்தமே பரப்பிக்கொள்ளும். பின் தலையில் அம்புக்குறி இருக்கிறது. அந்தத் திசையில் திருப்பினால் கழலும், மாட்டும்போது எதிர்த்திசையில் திரும்பி நிற்க வேண்டும். எதிரெதிர் மூலைகளாக அமுக்குங்கள். கடைசியாகப் போர்டைத் திருப்பி, நான்கு வெள்ளைக் காலும் முழுக்க வெளியே வந்து விரிந்திருக்கிறதா, நடுவில் கறுப்பு ஊசி தெரிகிறதா என்று பாருங்கள். டிக் சத்தத்தை நம்பாதீர்கள்.

மே 6

பற்பசை பூசலாமா என்று கேட்டவருக்கு: பூசலாம், முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் வற்றியதும் சுண்ணாம்புக் காரை.

மூடியைப் பிளந்து உள்ளேயும் பேஸ்ட் மாற்றச் சொன்ன அன்பருக்கு: சாண்டி பிரிட்ஜில் மூடி சிலிக்கானோடு சால்டர் வைத்து ஒட்டியது. பிளந்தால் சிப்பும் சேர்ந்து வரும். 2012ல் வந்த ஐவி பிரிட்ஜிலிருந்துதான் உள்ளே பேஸ்ட் வைக்க ஆரம்பித்தார்கள். அந்த வீடியோக்கள் எல்லாம் அதற்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும். ஐ5-2400காரர்கள் கத்தியைக் கீழே வையுங்கள்.

இன்டெல் இல்லாமல் ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் கவனம். ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட்டுகளில் ஹீட்சிங்கை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரே முள்ளோடு பிடுங்கி வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஷட்டவுன் செய்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள்.

மே 6, பிறகு

ஏஎம்டி என்றதும் பழைய கதை. 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றினால் என்ன ஆகும்? இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. ஏஎம்டியின் அத்லான் 1.4 கிகாஹெர்ட்ஸ் சில நொடியில் புகைந்து போனது. அதற்குப் பிறகு சில வருடம், கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "ஏஎம்டி சூடாகும் சார், இன்டெலே குடுங்க" என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், 2004ல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 சூட்டில் யாருக்கும் சளைத்ததில்லை, மேல் ரகங்கள் 115 வாட். அதற்கடுத்து வரவிருந்த டேஜாஸ் என்ற சிப்பை அதே வருடம் மே மாதம் இன்டெலே கைவிட்டது. பிறகு 2006ல் கோர் 2 டுவோ 65 வாட்டில் வந்தபோதுதான் ப்ரௌசிங் சென்டர் அறைகளில் மூச்சுவிட முடிந்தது. இன்று எந்தக் கம்பெனி சிப்பும் அப்படிப் புகையாது. அதனால்தான் உங்களுடையதும் 97ல் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது.

மே 10

கேட்டவர் பின்னும் பேஸ்டும் மாற்றிவிட்டார். "சும்மா இருந்தா 49, வீடியோல 68. ஆனா ப்ராஜெக்ட் ரெண்டரிங் அரை மணி நேரம் ஓட்டினா மெதுவா ஏறி 86 வரைக்கும் போகுது. அறைக்குள்ள 39."

இது இப்போது ரெண்டாவது ரகம், மெல்ல ஏறுகிற ரகம். விரலை வைத்தால் சுட்டிருக்கும்.

அறை 39 என்பதைக் கவனியுங்கள். ஹீட்சிங்கும் ஃபேனும் அறைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். அறையைவிடக் குளிர்விக்க அவற்றால் முடியாது. மார்கழியில் 27 டிகிரி அறையில் 74 காட்டும் மெஷின், அதே வேலைக்குக் கத்திரியில் 39 டிகிரி அறையில் 86 காட்டும். எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால் வெறும் 86 என்று எழுதாதீர்கள், 39க்கு மேல் 47 என்று எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் போடும் 60 டிகிரி ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து ஏங்குவதும் குறையும். அவர்கள் அறை 20.

இன்டெல் வெளியிட்ட பழைய கேபினெட் வழிகாட்டி ஒன்று உண்டு. பக்கக் கதவில் ப்ராசஸருக்கு நேரே ஒரு குழாய் வைத்த கேபினெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அதிலிருந்து வந்தவைதான். வெளியே 35 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் குறி. ஆம்பூரில் மே மாதம் அறையே 39. கேபினெட்டுக்குள் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மெஷின் எங்கே வைத்திருக்கிறீர்கள், தம்பி? அதைச் சொல்லவே இல்லையே.

மே 11

"கம்ப்யூட்டர் டேபிள்ல கீழ கதவு போட்ட அறை இருக்குல்ல, அதுக்குள்ள. பின்னாடி வயர் போக மட்டும் ஓட்டை."

நினைத்தேன். அந்த மேசையை வடிவமைத்தவருக்குக் கம்ப்யூட்டர் சூடாகும் என்று யாரும் சொல்லவில்லை போலும். ப்ராசஸர் மட்டும் 95 வாட் வரை போகும். போர்டு, டிஸ்க், எஸ்எம்பிஎஸ் விரயம் எல்லாம் சேர்த்து, ரெண்டு மூணு பழைய டியூப் லைட் அளவு சூடு ஒரு மூடிய மரப்பெட்டிக்குள். வெளியே போன காற்றையே திரும்ப உள்ளே இழுக்கிறது.

வெளியே எடுத்துத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தரையில் வைத்தால் பெருக்கும் தூசியெல்லாம் உள்ளே. சாம்பிராணி போடும் அறையிலும் வேண்டாம், அந்தப் புகை தூசியைப் பிசின்போல் ஒட்டவைக்கும், ப்ளோயர் அடித்தாலும் போகாது.

தூசி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்ட ஹீட்சிங்கில் தூசி மேலே தெரியாது. ஃபேன் இறக்கைக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் வாயில், கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். மேலே பிரஷ் போட்டுவிட்டு "சுத்தம் பண்ணிட்டேன்" என்று எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஃபேனைத் தனியாகக் கழற்றுங்கள், கிளிப்தான். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; விட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும்.

ஃபேன் முனகினால் நடு ஸ்டிக்கரைத் தூக்கி ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், சூட்டில் நாளாவட்டத்தில் பிசுக்காகும். தலைக்கு வையுங்கள்.

மே 12

இன்னொருவர் நடுவில் நுழைந்திருக்கிறார். ஐ3, சும்மா இருக்கும்போது 70, ஹீட்சிங்க் சுடுகிறது, ஃபேன் முழு வேகம், தூசி இல்லை, மேசை அறையும் இல்லை. "டாஸ்க் மேனேஜர் திறந்தா 3 பர்சென்ட்தான் காட்டுது, திறந்த உடனே ஃபேனும் அடங்கிடுது."

திறந்ததும் அடங்குகிறதா? அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது. உங்கள் மெஷினை ரகசியமாக ஓட்டி யாரோ பிட்காயின் மாதிரி டிஜிட்டல் நாணயம் சுரண்டுகிறார்கள். டாஸ்க் மேனேஜரைக் கண்டதும் பதுங்கும் அந்த மாதிரிச் சுரண்டல் புரோகிராம்கள் உண்டு. விண்டோஸையோ போட்டோஷாப்பையோ கிராக் போட்டு இறக்கினீர்களா என்று கேட்க மாட்டேன், பதில் தெரியும். பைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்து, புதிதாக விண்டோஸ் போடுங்கள். ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்கிறேன் என்று மெனக்கெட வேண்டாம்.

அதே ஆள் கேட்ட இன்னொன்று: நண்பரின் மெஷினில் 36 டிகிரி அறையில் ப்ராசஸர் 24 காட்டுகிறதாம், எப்படி அவ்வளவு நல்ல கூலர்? கூலர் இல்லை, சென்சார். இந்தச் சிப்களின் சென்சார் வரம்பிலிருந்து எத்தனை டிகிரி கீழே இருக்கிறோம் என்றுதான் அளக்கிறது. வரம்புக்குப் பக்கத்தில் சரியாக இருக்கும், கீழே போகப்போக உளறும். குறைந்த எண்களை வைத்துப் பெருமையடிக்க வேண்டாம்.

மே 14

கோடைக்கு ஒரு தற்காலிக வழியாக, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசஸர் உச்ச அளவை 99 பர்சென்ட் ஆக்கினால் டர்போ (வேலை வந்தால் ப்ராசஸர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) அணைந்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார், சிலர் கைதட்டியிருக்கிறார்கள். விஷயம் உண்மை. புது சிப்களில் பத்துப் பதினைந்து டிகிரிகூட இறங்கும். ஆனால் ஐ5-2400க்கு நான்கு கோரும் ஓடும்போது டர்போவே 3.2 கிகாஹெர்ட்ஸ்தான், சாதாரண வேகம் 3.1. அணைத்து என்ன லாபம்? இந்தச் சிப்பில் 80 என்று வையுங்கள், 2.5 பக்கம் நிற்கும், வோல்டேஜும் கூடவே இறங்கும். சூடு குறைவது அதனால்தான். ரெண்டரிங் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், எடுக்கட்டும். ஐப்பசியில் திரும்ப 100 ஆக்கிக்கொள்ளலாம்.

மே 19

கேட்டவர்: "மேசைய விட்டு வெளிய எடுத்துட்டேன், தூசி எடுத்தேன், கம்பளி மாதிரியேதான் இருந்துச்சு. இப்போ ரெண்டரிங்ல 75 தாண்டல. ஆனா அண்ணா, நேத்து 71ல ஓடிட்டிருக்கும்போது பட்டுனு ஆஃப்."

முதல் நாள் உதைத்த கணக்கு இதுதான். அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: மந்தமாகிவிட்டுப் போகிறதா, வேகமாக ஓடும்போதே போகிறதா?

விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். கர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் மின்சாரம் திடீரென்று போயிருக்கிறது என்று அர்த்தம், ஏன் போனது என்று அது சொல்லாது. அதற்கு முன்னால் ப்ராசஸர்-பவர் 37 வரிசையாக இருந்தால் போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

மே 20

"41 மட்டும்தான். 37 எல்லாம் பழைய தேதி, பின் மாத்தறதுக்கு முன்னாடி. வேகம் குறையவே இல்லை, நல்லா ஓடும்போதே போகுது. பயாஸ்ல அணைக்கிற வரி எதுவும் இல்லை."

சூடு இல்லை, மின்சாரம். ரெண்டு நோய் ஒரே உடம்பில் இருந்திருக்கிறது. சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ரெண்டாவது கடைசிவரை மறைந்தே இருந்திருக்கும்.

இந்தச் சிப் 1.2 வோல்ட் பக்கத்தில் 95 வாட் இழுத்தால் 80 ஆம்பியர் வரும். அதை 12 வோல்ட்டிலிருந்து போர்டு மாற்றிக் கொடுக்கிறது. எஸ்எம்பிஎஸ் அந்த 12ஐ விடாமல் பிடிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4க்கும் 12.6க்கும் நடுவில். மல்டிமீட்டர் இருந்தால் சும்மா கிடக்கும் டிஸ்க் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் பாருங்கள், சும்மா இருக்கும்போது ஒருமுறை, ரெண்டரிங் ஓடும்போது ஒருமுறை. ப்ராசஸர் பக்கத்தில் மாட்டும் நான்கு பின் கனெக்டர் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் ப்ராசஸரைச் சுற்றிச் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் தனிக்கதை. அந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகும் என்பார்கள். ப்ராசஸர் 97ல் கிடந்த காலமெல்லாம் பக்கத்தில் நின்று வெந்தவை அவைதான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

மே 21

"சும்மா 11.8. ரெண்டரிங்ல 11.1. கெபாசிட்டர் எல்லாம் தட்டை. கனெக்டர் வெள்ளையாதான் இருக்கு."

எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்ததுதானே? எந்தக் கம்பெனி என்று இங்கே எழுத வேண்டாம், 2012ல் எல்லாக் கேபினெட்டிலும் அந்த மாதிரி ஒன்றுதான் வரும். ஸ்டிக்கரில் 450 வாட், தூக்கினால் காற்றுப்போல இருக்கும். உங்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, நல்ல 400 வாட் ஏதோ ஒன்று தாராளம். ஸ்டிக்கர் எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

ஜூன் 1

ஆஃப் ஆவது நின்றுவிட்டதாம். சரி.

கடைசிக் கேள்வி, எல்லாரும் கேட்பது: இவ்வளவு செய்து இந்த மெஷினை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கு ஆதரவு இல்லை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல்லை ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். குறுக்குவழியில் ஏற்றலாம், நான் ஏற்றச் சொல்ல மாட்டேன். லினக்ஸ் மின்ட் இந்த மெஷினில் நன்றாகவே ஓடும், எஸ்எஸ்டி ஒன்று போட்டால் இன்னும். டிடிபிக்கான கோரல்டிராவை விட முடியாத அப்பாக்கள் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10லேயே கார்டு அடிக்கலாம். புதிதாக வாங்கக் காசிருந்தால் வாங்குங்கள், ஆனால் "ப்ராசஸர் போச்சு" என்று எவனோ சொன்னான் என்பதற்காக வாங்காதீர்கள்.

ஜூன் 2

பெரிய டவர் கூலர் வாங்கினால் அடுத்த மெஷினுக்கும் ஆகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐ5-2400 உட்காரும் எல்ஜிஏ 1155 சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்க் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் அதே. எல்ஜிஏ 1700ல் 78 ஆகிவிட்டது, அதற்குத் தனி கிட் வேண்டும். பின்தகடும் ஸ்க்ரூவும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், மறுபடி பிளாஸ்டிக் பின் வேண்டாம். வாங்கும் முன் கேபினெட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய ஒல்லிக் கேபினெட்டில் டவரை வைத்துவிட்டுக் கதவு மூட முடியாமல் திறந்தே ஓட்டுகிறவர்கள் இங்கேயே சிலர் இருக்கிறார்கள்.